வழக்கு வந்தால் துபாய்க்கு ஓடுவதா?

மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் கொண்டார். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஊரில் நாலு பேர் மதிக்கும் குடும்பம். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, மகளிர் ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு. மருமக புகார் கொடுத்திருக்குதாம். என் பேரு, வீட்ல உள்ளவங்க பேரு, கல்யாணம் ஆகாத மக பேரு எல்லாம் அதுல இருக்காம். மகனை ராத்திரியே துபாய்க்கு ஏத்தி விட்டுட்டேன். நாஞ் செஞ்சது சரிதானே?"

"பையன் அடிச்சானா மாமா?" என்று கேட்டேன்.

தரையைப் பார்த்தார். "ரெண்டு மூணு தடவை கை நீட்டிட்டான். வாலிபப் புள்ள, கோபம் ஜாஸ்தி."

சகோதரர்களே! இந்த ஒரு நிமிடப் பேச்சில் நம் சமுதாயத்தின் நோய் முழுவதும் இருக்கிறது. கை நீட்டியவன் விமானத்தில் பறக்கிறான். எந்தப் பாவமும் அறியாத தங்கை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரப் போகிறாள். இதைச் செய்துவிட்டு ஒரு தகப்பன் 'சரிதானே' என்று கேட்கிறார்! நோட்டீஸ் வாங்கி, விளக்கம் கொடுத்து, முறையாக வழக்கைச் சந்தித்திருக்க வேண்டியவனை ஒரே இரவில் தலைமறைவுக் குற்றவாளியாக மாற்றியவர் மருமகள் அல்ல, பெற்ற தகப்பன்!

இரண்டு பொய்கள்

குடும்ப வன்முறை வழக்குகளைப் பற்றி இரண்டு பொய்கள் ஊரில் உலவுகின்றன. 'எல்லாமே பொய் வழக்கு' என்பது முதல் பொய். கடைவீதியில், டீக்கடையில், நம் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இதுதான் வேதவாக்கு. '498ஏ என்றால் மாப்பிள்ளையிடம் பணம் பறிக்கும் சட்டம்' என்கிறார்கள். மத்திய அரசின் தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்கிறது. இது எல்லா மதத்தவரையும் சேர்த்த கணக்கு. இவர்களில் எத்தனை பேர் காவல் நிலையம் போனார்கள்? விரல் விட்டு எண்ணலாம். பொய்ப் புகார் கொடுத்தவர்களைவிட, உண்மை இருந்தும் வாய் திறக்காதவர்களே அதிகம்.

'புகார் வந்தாலே அவன் குற்றவாளி, அதுவும் முஸ்லிம் என்றால் கேட்கவே வேண்டாம்' என்பது இரண்டாவது பொய். தொலைக்காட்சி விவாதங்களில் கோட் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பரப்புவது இது. சூலூரில் அடிக்கும் கணவனும் சீர்காழியில் அடிக்கும் கணவனும் தனிமனிதர்கள். ஆனால் அடித்தவன் தாடி வைத்திருந்தால் மட்டும் மார்க்கமே அடித்ததாகிவிடுகிறது! நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் ஒருபோதும் கை நீட்டி அடித்ததில்லை என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்த செய்தி முஸ்லிம் நூலில் இருக்கிறது. அது இந்த விமர்சகர்களுக்கும் தெரியாது, நம்மில் கை நீட்டுகிறவனுக்கும் தெரியாது.

உச்ச நீதிமன்றம் 2014இல் ஆர்னேஷ் குமார் வழக்கில் எடுத்துக் காட்டிய கணக்கு ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டில் மட்டும் 498ஏ பிரிவில் நாடு முழுவதும் 1,97,762 பேர் கைதானார்கள். அதில் 47,951 பேர் பெண்கள்! மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று ஏறக்குறைய நாலில் ஒருவர் பெண். 93.6 சதவீத வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிறது. தண்டனை கிடைப்பதோ 15 சதவீதம்தான்.

இந்த 15 சதவீதத்தை எடுத்துக் கொண்டு 'பார்த்தீர்களா, 85 சதவீதம் பொய்' என்று துள்ளுகிறார்கள். துள்ள வேண்டாம்! விடுதலை என்றால் புகார் பொய் என்று அர்த்தமில்லை. நாலு சுவருக்குள் நடந்ததற்குச் சாட்சி யார்? ஐந்து வருடம் வாய்தா வாங்கி அலைந்த பெண், 'நகையைக் கொடுத்தால் போதும், கேஸை விட்டுவிடுகிறேன்' என்று சமாதானமாகிப் பிறழ் சாட்சி சொன்னாலும் அது விடுதலைக் கணக்கில்தான் ஏறும். அதே நேரத்தில், அந்த 47,951 பெண்களில் ஒவ்வொருவரும் மருமகளைக் கொடுமை செய்தவர்கள்தான் என்று எந்த நேர்மையான மனிதனும் சொல்ல மாட்டான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவன்தான் நியாயவான்.

கைது என்பது கட்டாயமில்லை

1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 498ஏ. 2024 ஜூலை 1 முதல் அது பாரதீய நியாய சன்ஹிதாவில் 85, 86 என்ற எண்களில் வருகிறது. எண்தான் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான். 3 ஆண்டு வரை சிறை, அபராதம். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது.

'கைது செய்யலாம்' என்பது வேறு, 'கைது செய்தே தீர வேண்டும்' என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம் இளைஞன் விமானம் ஏறுகிறான். ஆர்னேஷ் குமார் தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது: 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் புகார் வந்தவுடன் தானாகக் கைது செய்யக் கூடாது. கைது ஏன் தேவை என்பதற்குக் காவல் அதிகாரி காரணம் எழுத வேண்டும். தேவையில்லை என்றால் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். காரணமில்லாமல் அனுப்பப்பட்டவரை ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டும் பதில் சொல்ல வேண்டும். மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும் பாயும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41ஏ என்றிருந்த நோட்டீஸ், புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35(3) என்று இருக்கிறது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது, முறைப்படி கையில் தர வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையும் தெளிவாக்கிவிட்டது.

நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு நேரில் போய் ஒத்துழைப்பவனைக் கைது செய்ய வேண்டுமென்றால் அதற்கும் அதிகாரி எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். ஆனால் நோட்டீஸ் கொடுக்கப் போனால் ஆளே இல்லை, நாட்டிலேயே இல்லை என்றால்? கைதுக்கான காரணத்தை நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய்! அதற்குப் பிறகு வருவது பிடியாணை, தேடப்படும் நபர் என்ற அறிவிப்பு, விமான நிலையங்களுக்கு லுக்-அவுட் சுற்றறிக்கை. பாஸ்போர்ட்டை முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு. தகப்பன் மவுத்துக்கு வந்து இறங்குகிறவனை விமான நிலையக் குடியுரிமைக் கவுண்டரிலேயே பிடித்துக் கொள்வார்கள். ஜனாஸாவில் தோள் கொடுக்கக்கூட முடியாமல் போகும்.

முன்ஜாமீன் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? செஷன்ஸ் நீதிமன்றத்திலும் கேட்கலாம், உயர் நீதிமன்றத்திலும் கேட்கலாம். வளைகுடாவில் வேலை பார்ப்பவன் நல்ல வழக்கறிஞரை வைத்து முன்ஜாமீன் மனுப் போட்டு, ஊர் வந்து, விசாரணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நீதிமன்ற அனுமதியோடு வேலைக்குத் திரும்பலாம். பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வராமல் வழக்கறிஞர் மூலம் ஆஜராக அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது. இதையெல்லாம் சொல்லித் தருவதற்கு ஆளில்லை. 'எஸ்.ஐ. எனக்குத் தெரிஞ்சவர்தான், ஐம்பதாயிரம் கொடுத்தா முடிச்சிடலாம்' என்று சொல்லும் புரோக்கருக்கு மட்டும் பஞ்சமில்லை! அந்தப் பணம் போகும், கேஸ் இருக்கும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் காவல் அதிகாரி எழுத்தில் காரணம் கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஜீப் வந்து 'அம்மாவை ஏறச் சொல்' என்றால், 'அனுமதி எங்கே?' என்று மரியாதையாகக் கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது. கேள்! சத்தம் போடாமல் கேள்!

மாமியாரும் நாத்தனாரும்

பெண் வீட்டாருக்கும் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

உங்கள் மகளை அடித்தவன் மருமகன். புகாரிலோ ஒன்பது பேர். ஐதராபாத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார், கல்லூரி விடுதியில் படிக்கும் சின்னவள், எழுபது வயது பெரியம்மா என்று வீட்டு ரேஷன் கார்டையே பார்த்து எழுதியது போல இருக்கிறது. 'எல்லாரையும் சேர்த்தால்தான் பயப்படுவார்கள்' என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார். அல்லாஹ்வுக்குப் பயப்பட வேண்டாமா? நீதியில் சொந்தத் தாய் தகப்பனுக்கு எதிராகவும் சாட்சி சொல்லக் கடமைப்பட்ட சமுதாயம் (4:135) நாம். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அநியாயமாகச் சாட்சி சொல்ல எப்படித் துணிந்தோம்?

சட்டப்படியும் இது வேலைக்கு ஆகாது. வேறு ஊரில் வாழும் உறவினர்களைப் பொத்தாம் பொதுவாகச் சேர்ப்பதை 2010லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2022 பிப்ரவரியில் பீகாரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வழக்கில், யார் என்ன செய்தார் என்று தனித்தனியாகச் சொல்லாத புகாரை வைத்துக் கொண்டு கணவனின் உறவினர்கள் மீது வழக்கு நடத்த முடியாது என்று அந்த வழக்கையே ரத்து செய்தது. 2024 டிசம்பரிலும் தெலங்கானா வழக்கு ஒன்றில் இதே கருத்து. ஒன்பது பேரில் ஏழு பேர் உயர் நீதிமன்றம் போய் ரத்து வாங்கிவிட்டால், மீதி இருவர் மீதான உண்மையான குற்றச்சாட்டும் பலவீனப்படும். 'இதையும் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள்' என்ற எண்ணம் வந்துவிடும். அடிபட்ட மகளுக்குப் பெற்றோரே செய்யும் துரோகம் இது.

பொய்யாகச் சேர்க்கப்பட்ட பெண்களுக்குச் சொல்வது: ஆதாரத்தைத் தேடுங்கள். அந்தத் தேதியில் எங்கே இருந்தீர்கள்? விடுதி வருகைப் பதிவேடு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ரயில் டிக்கெட், வேறு முகவரியில் உள்ள ரேஷன் கார்டு எல்லாம் பேசும். வழக்கறிஞரிடம் இவற்றைக் கொடுத்து உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போடுங்கள். ஆளுக்கு ஒரு கதை சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

சிறைக்குப் போகாத வழக்கு

இன்னொரு சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. நம் ஆட்கள் இதையும் 498ஏவையும் குழப்பிக் கொள்கிறார்கள். இது கைது செய்யும் சட்டம் அல்ல. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு, குடியிருக்க வீடு, பணம், பிள்ளைகளின் பொறுப்பு, நஷ்டஈடு ஆகியவற்றைக் கேட்கும் சட்டம். அடி மட்டும் வன்முறை அல்ல. ஏச்சும், அவமானப்படுத்துவதும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் இதில் வன்முறைதான்.

'கைது இல்லையாமே' என்றவுடன் வருகிற அலட்சியத்தைப் பார்க்க வேண்டும்! சம்மனை வாங்க மாட்டான். வாங்கினால் போக மாட்டான். நீதிமன்றம் எதிர்த்தரப்பு இல்லாமலேயே இடைக்கால உத்தரவு போடும். 23ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பிறகு அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால், அது குற்றம்! ஓராண்டு சிறை அல்லது 20,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஆஜராகியிருந்தால் சொல்லியிருக்கக் கூடிய நியாயம் எல்லாம் சம்மன் கவரோடு குப்பைக்குப் போனது. உத்தரவு தவறு என்றால் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. அந்த 30 நாளும் டீக்கடையில் கழிகிறது.

வியாபாரிகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். 'வீடு அத்தா பேர்ல இருக்கு, கடை அண்ணன் பேர்ல இருக்கு, எனக்கு மாசம் பத்தாயிரம் சம்பளம்' என்று மனுவில் எழுதுகிறீர்கள். பெண் கேட்டுப் போன அன்று என்ன சொன்னீர்கள்? 'மூணு கடை, மாசம் ரெண்டு லட்சம் ஓட்டம்' என்று சொல்லவில்லையா? கல்யாண மண்டபத்தில் பிரியாணி எத்தனை சட்டி? ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கணக்கும் நீதிமன்றத்துக்கு வரும் காலம் இது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது. அதில் பொய் சொன்னால் பொய்ச் சாட்சியக் குற்றம் தனியாக வரும். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகள் வாழ்ந்த வீடு என்றால் அது 'பகிர்ந்து வாழ்ந்த இல்லம்' ஆகலாம் என்றும் 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்திருக்கிறது.

இதில் ஒரு செய்தியை யாரும் சொல்வதில்லை. இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமானது அல்ல. மகனிடம் அடி வாங்கும் தாய், அண்ணனால் விரட்டப்படும் விதவைத் தங்கை எல்லாரும் இதில் மனுப் போடலாம். குடியிருப்பு உத்தரவு என்ற பெயரில் வீட்டிலுள்ள பெண்களை வெளியேற்ற உத்தரவிட முடியாது என்று சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. எனவே 'மருமக கேஸ் போட்டா அம்மாவைத் தெருவுல தள்ளிடுவாங்க' என்பது வெறும் பூச்சாண்டி.

தலாக் கேடயம் ஆகாது

'கேஸ் போட்டாளா? தலாக் விட்டுட்டேன். இனி அவ யாரோ நான் யாரோ!' இப்படி ஒரு சட்ட நிபுணர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். அதுவும் வாட்ஸ்அப்பில் மூன்று தடவை!

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரே மூச்சு முத்தலாக்கைச் செல்லாது என்றது. 2019இல் மத்திய அரசு அதைக் குற்றமாக்கி 3 ஆண்டு வரை சிறை என்று சட்டம் போட்டது. இந்தச் சட்டத்தைப் பற்றி நமக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. செல்லாத ஒன்றைச் சொன்னதற்குச் சிறையா? மற்ற மதத்துக் கணவன் மனைவியை நடுத்தெருவில் விட்டுப் போனால் அது சிவில் விவகாரம். முஸ்லிம் சொன்னால் மட்டும் குற்றமா? இந்தக் கேள்வியைக் கேட்டுக் கொண்டே இருப்போம். ஆனால் அந்தச் சட்டத்துக்குத் தினமும் தீனி போடுபவன் யார்? திருக்குர்ஆன் சொல்லித் தந்த முறையைக் காற்றில் விட்டுவிட்டு, கோபத்தில் போனை எடுத்து மூன்று முறை டைப் செய்கிறவன்தானே!

அந்த வழக்கிலும் முன்ஜாமீன் கேட்கலாம். மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ மனைவியின் தரப்பைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கேரள வழக்கு ஒன்றில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. தலாக் சொல்கிறவன் கணவன். எனவே மாமியார் மீது இந்தச் சட்டத்தில் வழக்கு நிற்காது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. மனைவி சம்மதித்தால் மாஜிஸ்திரேட் அனுமதியோடு சமாதானமும் ஆகலாம்.

முறையான தலாக்கே ஆனாலும் அதற்கு முன் நடந்த கொடுமை கணக்கிலிருந்து அழியாது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் மனுப் போடலாம் என்று 2014இல் தீர்ப்பு வந்தாகிவிட்டது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இன்னும் ஒரு படி போனது. தலாக் நடந்ததா என்பதில் தகராறு இருந்தால், நீதிமன்றத்தில் போய் அதை நிரூபிக்க வேண்டியது கணவன்தான். தனியார் ஷரீஅத் கவுன்சில் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி, மனைவிக்குக் கீழ்க்கோர்ட் கொடுத்த நஷ்டஈட்டை உறுதி செய்தது. பழைய தேதி போட்டு ஜமாஅத் லெட்டர் பேடில் தலாக் கடிதம் எழுதித் தரும் நிர்வாகிகளே! நீங்கள் எழுதித் தருவது கேடயம் அல்ல, அவன் கழுத்துக்குக் கயிறு. உங்கள் கையெழுத்துக்கும் நாளை சாட்சிக் கூண்டில் பதில் சொல்ல வேண்டி வரும்.

அசிங்கமான எதிர்வாதம்

எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது இதுதான். எதிர்வாத மனுவைத் தயாரிக்கும்போது, 'அவள் நடத்தை சரியில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடலாம், கேஸ் ஸ்ட்ராங்காக இருக்கும்' என்கிறார்கள். ஆதாரம்? 'போன்ல யாரோட பேசுவா சார்!' இதுதான் ஆதாரம். தொழுகையாளி, நோன்பாளி, உம்ரா போய் வந்தவர் இதற்குக் கையெழுத்துப் போடுகிறார்!

பத்தினிப் பெண் மீது பழி சொல்லி நான்கு சாட்சிகளைக் கொண்டுவர முடியாதவனுக்கு என்ன தண்டனை என்று இருபத்து நான்காவது அத்தியாயத்தில் (24:4) இருக்கிறது. அவனுடைய சாட்சியை அதன் பிறகு ஒருபோதும் ஏற்கக் கூடாது என்பதும் அங்கேதான் இருக்கிறது. ஊர் ஜமாஅத்தில் நாட்டாண்மையாக உட்கார்ந்திருக்கும் எத்தனை பேருடைய சாட்சி இன்று செல்லும்? யோசித்துப் பாருங்கள். நீதிமன்றத்திலும் இது எடுபடாது. நிரூபிக்க முடியாத நடத்தைப் பழியே ஒரு கொடுமை என்று அதையும் உன் கணக்கில்தான் எழுதுவார்கள்.

உண்மையான எதிர்வாதம் வேறு. நடந்தது என்ன, நடக்காதது என்ன என்று தேதி வாரியாக எழுது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதே. மின்னணு ஆவணத்துக்கான சான்றோடு முழுமையாகக் கொடு. உனக்குச் சாதகமானதை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தால் மீதியை அவள் கொண்டு வருவாள். மருத்துவச் செலவு, வீட்டுச் செலவு அனுப்பிய வங்கி ரசீதுகளை எடுத்து வை. நகையும் சீரும் அவளுடையது. பட்டியல் போட்டு, சாட்சி வைத்து, கையெழுத்து வாங்கி உடனே திருப்பிக் கொடு! 'கேஸை வாபஸ் வாங்கினாத்தான் நகை' என்று பேரம் பேசினால் நம்பிக்கை மோசடி என்ற தனிக் குற்றம் கூடவே வரும். மஹர் பாக்கி இருந்தால் அது கடன், அதையும் கொடு.

வரதட்சணை விஷயத்தில் ஒரு குறுக்குப் புத்தி உலவுகிறது. 'வாங்குறது குத்தம்னா கொடுக்குறதும் குத்தம்தான், மாமனாரையும் உள்ள தள்ளு' என்கிறார்கள். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கொடுப்பதும் குற்றம்தான், உண்மை. ஆனால் பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே வழக்குப் போட முடியாது என்று 7ஆம் பிரிவில் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். வாங்கவில்லை என்று நிரூபிக்கும் சுமையும் உன் தலையில்தான். 'நாங்க கைக்கூலியே வாங்கலை' என்றால் மாஷா அல்லாஹ்! ஆனால் அதனால் 498ஏ போய்விடாது. வரதட்சணை கேட்காவிட்டாலும் உயிருக்கோ உடலுக்கோ மனநலத்துக்கோ கேடு வரும்படியான கொடுமை தனியாகவே குற்றம் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜமாஅத் என்ன செய்ய வேண்டும்?

கணவன் தரப்பில் ஒரு நடுவர், மனைவி தரப்பில் ஒரு நடுவர் என்று குர்ஆன் (4:35) வழி காட்டியிருக்கிறது. நம் ஊர்களில் நடப்பதோ, ஆண்கள் பதினைந்து பேர் உட்கார்ந்து, பெண்ணை வராந்தாவில் நிற்க வைத்து, 'அனுசரிச்சுப் போம்மா' என்று அனுப்பி வைப்பது. மூன்றாவது முறையும் அனுசரித்துப் போனவள் நாலாவது முறை ஸ்டேஷனுக்குப் போனால் 'ஜமாஅத்தை மதிக்காதவள்' என்ற பட்டம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்ததே, ஆண்கள் உட்கார்ந்த இடத்தில் பெண்ணால் பேச முடியவில்லை என்பதால்தானே! நம் பள்ளிவாசல் அலுவலகத்தில் அந்தப் பெண் உட்கார்ந்து பேச ஒரு நாற்காலியும் பக்கத்தில் இரண்டு பெண்களும் இருந்திருந்தால், பாதி வழக்குகள் ஸ்டேஷன் வாசலை மிதித்திருக்காது.

நிகாஹ் அன்று, மணமக்களுக்கு வந்த பொருள்களின் பட்டியலை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று 1985லேயே அரசு விதி போட்டிருக்கிறது. எந்த ஜமாஅத் தஃப்தரோடு அந்தப் பட்டியலை வைக்கிறது? வைத்திருந்தால் 'நூறு பவுன் போட்டோம்', 'நாப்பதுதான் வந்துச்சு' என்ற சண்டையே இல்லை. மஹர் வரதட்சணையில் சேராது என்று சட்டமே தனியாகச் சொல்லியிருக்கிறது. எனவே மஹரைத் தெளிவாகத் தனியே எழுதுவதற்குப் பயப்பட வேண்டியதும் இல்லை.

வசதியில்லாதவர்களுக்கு இன்னொரு தகவல். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள் எந்த வருமானத்தில் இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். காவலில் இருக்கும் ஆணுக்கும் அந்த உரிமை உண்டு. தொலைபேசி எண் 15100. அடிபடும் பெண்களுக்கு 181. இந்த இரண்டு எண்களையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவதற்கு எந்த முத்தவல்லிக்காவது துணிவு இருக்கிறதா?

அந்த ஜவுளிக்கடைப் பெரியவர் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். வழக்கறிஞரைப் பார்த்தார். முன்ஜாமீன் மனுப் போட்டு, மகன் இருபது நாள் கழித்து ஊர் வந்தான். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டான். நகை முழுவதும் பட்டியலோடு மருமகள் கைக்குப் போனது. சம்பவம் நடந்ததாகச் சொன்ன இரண்டு நாளும் மகள் கல்லூரி விடுதியில் இருந்ததற்குப் பதிவேடு கிடைத்தது. குற்றப்பத்திரிகையில் அவள் பெயர் இல்லை. மகன் மீது வழக்கு நடக்கிறது, நடக்கட்டும். மருமகள் குலா கேட்டிருக்கிறாள். அது அவள் உரிமை.

போன வாரம் பெரியவரைக் கடையில் பார்த்தேன். மகளுக்கு வரன் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எதையும் அவர் சொல்லவில்லை. துணியை மடித்துக் கொண்டே கேட்டார்: "தம்பி, பையன் கை நீட்டுறவனா இல்லையான்னு யார்கிட்டப் போய் விசாரிக்கிறது?"